பக்கவாதத்துக்குப் பின் ரோபோ நடைப்பயிற்சி: யாருக்கு உதவும், எதைத் தராது

பக்கவாதம் வந்தவரை அழைத்து வரும் குடும்பத்தார் பலர், ரோபோவின் துணையோடு ஒருவர் நடக்கும் காணொளியைக் கைபேசியில் காட்டி, "இந்த மெஷின்ல ஏத்திவிட்டா அப்பா நடந்துடுவாரா சார்?" என்று கேட்கிறார்கள். இயன்முறை மருத்துவராக நான் அவர்களுக்குச் சொல்வது, அப்பா இன்று எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை அமையும் என்பதுதான்.

ஸ்விட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம், சூரிச்சின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையோடு இணைந்து உருவாக்கிய லோகோமேட் இவ்வகைக் கருவிகளில் மிகவும் அறியப்பட்டது. நோயாளியைப் பட்டைகளால் மேலிருந்து தாங்கி, டிரெட்மில்லின் மீது நிறுத்தி, இடுப்பு மூட்டையும் முழங்காலையும் மோட்டார்களால் அது அசைக்கிறது. பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே உருவாக்கிய கருவியிலோ, பாதங்களைத் தாங்கும் இரு தட்டுகள் மட்டுமே நடையின் பாதையில் நகரும். இரண்டின் நோக்கமும் ஒன்றே. மூளையின் சேதமடையாத பகுதிகள் இழந்த வேலையைப் புதிதாகக் கற்க ஒரே அசைவைப் பல நூறு முறை செய்தாக வேண்டும். நிற்கவே முடியாத ஒருவரை இரண்டு மூன்று பேர் பிடித்து நடக்க வைத்தால், சில பத்து அடிகளுக்குள் நோயாளியும் பிடிப்பவர்களும் களைத்துவிடுவார்கள்; கருவியோ களைக்காமல் அந்தப் பல நூறு அடிகளைத் தரும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 62 சோதனைகளை, அதாவது 2440 நோயாளிகளின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழக்கமான இயன்முறைச் சிகிச்சையோடு கருவிப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்களில், ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாகப் பிறர் துணையின்றி நடக்கும் நிலையை அடைந்தார்கள். பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களும், இன்னும் நடக்கத் தொடங்காதவர்களுமே அதிகப் பயன் பெறக்கூடியவர்கள். மாறாக, ஓரளவு நடக்கத் தொடங்கிவிட்ட 63 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், லோகோமேட்டில் பயின்றவர்களைவிட இயன்முறை மருத்துவரிடம் நேரடியாக நடைப்பயிற்சி பெற்றவர்களே வேகத்திலும் தூரத்திலும் கூடுதலாக முன்னேறினார்கள். ஆகவே கைத்தடியோடு வாசல்வரை போய்வரும் ஒருவருக்காக நகையை அடகு வைத்து ரோபோ பயிற்சிக்குப் பணம் கட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சமநிலை என்பதே என் கருத்து. நாம் ஒவ்வோர் அடி எடுக்கும்போதும் உடலின் பாரம் முழுவதும் ஒரு காலுக்கு மாறுகிறது. இடுப்பு பக்கவாட்டில் நகர்கிறது. சரியப்போகிறோம் என்பதை உணர்ந்து உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. லோகோமேட்டின் தொடக்க வடிவங்கள் இடுப்பைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடித்துக்கொண்டன. இடுப்புக்கு அசைவு தரும் இணைப்பு பின்னர் வந்தது என்றாலும், பட்டையில் தொங்கும் ஒருவருக்கு விழும் வாய்ப்பே இல்லை. விழாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் திறனும் அதனால் போதிய பயிற்சி பெறுவதில்லை. நிலைப்படியைத் தாண்டுவது, ஈரமான குளியலறையில் திரும்புவது, யாராவது கூப்பிட்டால் நடந்தபடியே திரும்பிப் பார்ப்பது ஆகியவற்றைத் தரையில்தான் பழக முடியும். எனவே கருவியில் அரை மணி நேரம் நடந்தால், அன்றே கருவிக்கு வெளியேயும் நிற்கவும் பாரத்தை மாற்றவும் பயிற்சி கிடைக்கிறதா என்று கேளுங்கள். பதினான்கு செயல்களை 56 மதிப்பெண்ணுக்கு அளக்கும் பெர்க் சமநிலை அளவுகோலில் தொடக்கத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்றும் கேளுங்கள். கருவி நடக்க, நோயாளி வெறுமனே காலை ஒப்படைத்திருந்தால் பயன் குறைவு. கருவி தரும் உதவியையும் எடைத் தாங்கலையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆறாத எலும்பு முறிவு, எளிதில் முறியும் அளவுக்குக் கடுமையான எலும்பு மெலிவு, பட்டை படும் இடத்தில் புண், காலின் இரத்தக் குழாயில் (சிரையில்) இரத்த உறைவு, நிலையற்ற இதய நோய் உள்ளவர்களை இதில் ஏற்றக் கூடாது. நெடுநாள் படுத்திருந்தவருக்கு நிமிர்த்தியதும் இரத்த அழுத்தம் சரியலாம். செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டை இழுக்காமல் பட்டையை மாட்ட வேண்டும்.

கருவி எட்டாத குடும்பங்கள் மனம் தளரத் தேவையில்லை. 2011-ல் வெளியான, 408 பேர் பங்கேற்ற லீப்ஸ் ஆய்வில், பட்டையால் தாங்கி டிரெட்மில்லில் நடத்தப்பட்டவர்களும், வீட்டுக்கே வந்த இயன்முறை மருத்துவரிடம் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி பெற்றவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வில் ரோபோ இல்லை. ஆனாலும் வீட்டுப் பயிற்சியின் மதிப்பை அது தெளிவாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரியுங்கள். முதல் மூன்று மாதங்களை இழந்துவிடாதீர்கள்.