கண்ணில் விளக்கெண்ணெய் விட்டாலும்

ஒரு வெள்ளை வட்டம். கடிகார முகம் மாதிரி இருக்கும், ஆனால் எண்கள் கிடையாது. அதில் ஒரு கறுப்பு முள் நொடிக்கு ஓர் எட்டு வைத்து நகர்கிறது. நூறு எட்டுக்கு ஒரு சுற்று. எப்போதாவது ஒருமுறை, எந்தக் கணக்கும் இல்லாமல், முள் ஒரே நொடியில் இரண்டு எட்டு தாவிவிடும். அதைப் பார்த்ததும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய சோதனை இது. அப்போது பிரிட்டிஷ் விமானங்கள் கடலுக்கு மேல் பல மணி நேரம் பறந்து ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடும். ரேடார் திரைமுன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீர்மூழ்கி இருந்தால் திரையில் சின்னதாக ஒரு புள்ளி தெரியும். பயிற்சி பெற்ற, அக்கறையுள்ள ஆட்கள்தான். உயிர் போகிற காரியம் என்றும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும், திரையில் தெரிந்த புள்ளிகளைப் பார்க்காமல் விட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு மேக்வொர்த்திடம் வந்தது.

இளம் படைவீரர்களை அந்த முள்ளின் முன் உட்கார வைத்தார். முதல் அரை மணியில் அவர்கள் ஆறு தாவலுக்கு ஒன்று என்ற கணக்கில் தவறவிட்டார்கள். அடுத்த அரை மணியில் அது நாலுக்கு ஒன்று ஆனது. அதற்கப்புறம் மிச்ச நேரம் முழுக்க ஏறக்குறைய அங்கேயே நின்றது. சரிவில் பெரும்பகுதி முதல் அரை மணி தாண்டியதுமே நேர்ந்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு உறைத்த விஷயம். விடிய விடிய முழித்துக் களைத்தவனுக்கு நேர்வது இல்லை இது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவனுக்கும் இதே கதிதான்.

1948இல் முடிவுகள் வெளியாயின. அவற்றில் இன்னும் சில சுவாரசியங்கள் உண்டு. அரை மணி பார்வை, அரை மணி ஓய்வு என்று மாற்றிவிட்டால் சரிவே இல்லை. தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரை கொடுத்தாலும் இல்லை. சோதனையின் நடுவில் டெலிபோன் மணி அடித்து, ‘இன்னும் நன்றாகச் செய்யுங்கள்’ என்று யாராவது சொன்னால்கூடப் போதும், கவனம் ஆரம்பத்தில் இருந்த அளவுக்கு மீண்டுவிட்டது!

ஏன் இப்படி? ஒன்றும் நடக்காததால் மூளை மந்தமாகிவிடுகிறது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் வேறு பக்கம் கைகாட்டின. காவல் வேலை முடித்து எழுந்தவர்களைக் கேட்டால், சும்மா உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வதில்லை. பிழிந்து போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளந்தால், நேரம் ஆக ஆக அதுவும் கவனத்தோடு சேர்ந்தே இறங்குகிறது. அதே திரையை எதையும் தேடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. நொடிக்கு நொடி ‘இதுவா? இல்லை. இதுவா? இல்லை’ என்று தீர்மானித்துக்கொண்டே இருப்பது கடுமையான உழைப்பு. வெளியே தெரியாத உழைப்பு. காவலாளி என்றால் நாற்காலியில் சும்மா இருப்பவர் என்று நாம் சம்பளம் பேசும்போது இதெல்லாம் கணக்கில் வருவதேயில்லை.

நேரம் ஒரு பகை என்றால், அபூர்வம் இன்னொரு பகை. தேடும் பொருள் எவ்வளவு அரிதோ, அவ்வளவு எளிதாகக் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2005இல் இதை அளந்து காட்டியது. பைகளின் எக்ஸ்ரே போன்ற குழப்பமான படங்களில் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் அது இருந்தபோது, 100க்கு 7 முறை தவறவிட்டார்கள். 100 படங்களில் ஒன்றில் மட்டும் இருந்தபோது, தவறவிட்டது 100க்கு 30. கண் அதேதான், ஆளும் அதேதான். ‘இருக்காது’ என்ற பதிலே திரும்பத் திரும்பச் சரியாக இருப்பதால், மனது தேடலைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறது.

விமான நிலையங்களில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நம் பை எக்ஸ்ரேயில் போகும்போது, கணினி அவ்வப்போது இல்லாத துப்பாக்கியை, இல்லாத கத்தியைப் படத்தில் சொருகிவிடும். பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால், அது சோதனைப் படம் என்று திரை சொல்லும். அரிதானதைப் பொய்யாகவாவது அடிக்கடி வரவைக்கிற ஏற்பாடு. அங்கே ஆட்களை அடிக்கடி மாற்றுவதும் வழக்கம். ஐரோப்பிய விதிகளின்படி ஒருவர் தொடர்ந்து படம் பார்ப்பது பொதுவாக 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

இதெல்லாம் மூளையின் பாடு. கண்ணுக்கென்று தனிக் கஷ்டங்கள் உண்டு. அதற்கு நடுக்கடலுக்குத்தான் போக வேண்டும். பூமி உருண்டை என்பதால், உயரமாக நிற்பவருக்குத் தூரம் அதிகம் தெரியும். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கரையில் நிற்பவருக்கு நாலரை கிலோமீட்டர் சொச்சம். 25 மீட்டர் உயரப் பாய்மரக் கூண்டில் நிற்பவருக்குப் பதினெட்டு. ஆனால் வர்க்கமூலம் கறாரானது: தூரத்தை இரட்டிப்பாக்க, நான்கு மடங்கு ஏற வேண்டும்.

இரவில் இன்னொரு சிக்கல். வெளிச்சமான அறையிலிருந்து இருட்டான தளத்துக்கு வந்ததும் கண் வேலை செய்யாது. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களில் உள்ள நிறமி வெளிச்சத்தில் சிதைந்து போயிருக்கும். அது திரும்ப ஊறி வர அரை மணிக்கு மேல் ஆகும். யாராவது பளிச்சென்று செல்போனைக் காட்டினால் திரும்பவும் முதலிலிருந்து. அது மட்டுமில்லை, விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது. அதனால் இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் மறையும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உற்றுப் பார் என்ற நம் அறிவுரை இங்கே தலைகீழ்.

1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கின் கூண்டில் ஃபிரெடரிக் ஃப்ளீட், ரெஜினால்ட் லீ என்று இருவர் நின்றார்கள். 10 மணிக்கு வந்தவர்கள். 12 மணிக்கு முறை மாற வேண்டும். 11.40க்கு ஃப்ளீட் மணியை மூன்று முறை அடித்து, போனில் கப்பலைச் செலுத்தும் மேடைக்குப் பனிப்பாறை என்று சொன்னார். கூண்டில் பைனாகுலர் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் முன்பே பார்த்திருக்கலாம் என்று அவர் விசாரணையில் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பைனாகுலர் பார்வையின் அகலத்தைக் குறுக்கிவிடும், முதலில் வெறுங்கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று விசாரணையில் அனுபவசாலிகளான மாலுமிகள் சொன்னதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நிலவில்லாத இரவு அது. அலையும் இல்லை, அலை இருந்தால் பாறையின் அடியில் நுரை மோதி வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்குப் பிடிமானம் தர ஒன்றுமே இல்லாத கடலை அவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவலுக்கு நிற்பவரிடம் ஏதாவது செய்யக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தினைப்புனத்துப் பரணில் கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்களுக்குத் தட்டை, குளிர், தழல் என்று ஓசை எழுப்பும் கருவிகள் இருந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கிளியை ஓட்டத்தான் என்றாலும், கையும் காதும் சும்மா இருக்கவில்லை. ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். ஜப்பானில் விரலால் சுட்டியும் காட்டுகிறார்கள். எஞ்சினில் ஒரு கருவியும் இருக்கிறது. ஒரு நிமிடம் போல எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமலிருந்தால் விளக்கு மின்னும், பிறகு சத்தம் வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் விழும். எனக்கு இதைவிட வாய்விட்டுச் சொல்வதில்தான் நம்பிக்கை. பொத்தானை அரைத்தூக்கத்தில்கூடக் கை பழக்கத்தில் தட்டிவிடும். சிவப்பா பச்சையா என்று சொல்ல, பார்த்தே ஆக வேண்டும்.

இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். சரி, இயந்திரத்தை யார் பார்ப்பது? 2018 மார்ச்சில், அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையிலிருந்த தானியங்கிக் கார் இரவில் சாலையைக் கடந்த பெண்மீது மோதி, அவர் இறந்தார். காரில் கண்காணிக்க ஒருவர் இருந்தார். அந்த நேரத்தில் அவர் பார்வை செல்போனில் இருந்தது என்றது விசாரணை. அவர்மீது தப்புதான். ஆனால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, என்றைக்கோ ஒருநாள் நேரப்போவதற்காக மணிக்கணக்கில் முழித்திரு என்று சொன்னது மேக்வொர்த்தின் முள்ளை அவர் முன் வைத்தது போலத்தான்.

எங்கள் தெருவில் ஒரு ராக்காவலர் இருக்கிறார். மணிக்கு ஒருமுறை கம்பைத் தட்டி விசில் ஊதியபடி போவார். ‘திருடனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்றார்’ என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது இரண்டு மணிக்கு அந்த விசில் கேட்டால், ஆள் தனக்குத்தானே டெலிபோன் அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தபடி திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.