ராபி வீட்டின் கூரை வெயிலை எப்படிக் கையாள்கிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க் பகுதியில், உட்லான் அவென்யூ 58-ஆவது தெருவைச் சந்திக்கும் மூலையில் இருக்கிறது ராபி வீடு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் வடிவமைப்பு; 1910-இல் கட்டி முடித்தார்கள். 2019 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. அதன் அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதன் இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு, செய்யும் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

வீட்டின் தெற்குப் பக்கம் நெடுகக் கண்ணாடிக் கதவுகள். கோடை வெயில் நேராக உள்ளே இறங்கினால் இருக்க முடியாது. ஆனால் சிகாகோவில் ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட 72 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் கடைசியிலோ 25 டிகிரிதான். கூரை 1 மீட்டர் வெளியே நீண்டிருந்தால், தெற்குச் சுவரில் ஜூனில் ஏறக்குறைய 3 மீட்டருக்கு நிழல் இறங்கும். டிசம்பரில் அரை மீட்டர்கூட இறங்காது. அதாவது வேண்டாத வெயில் வெளியே நின்றுவிடும், வேண்டிய வெயில் உள்ளே வந்துவிடும். எந்த இயந்திரமும் இல்லாமல்!

சரி, இவ்வளவு நீண்ட கூரை தொங்கிப் போகாதா? மேற்கு முனையில் கூரையின் நுனிக்கும் அருகிலுள்ள செங்கல் தாங்கலுக்கும் இடையே சுமார் 20 அடி, நடுவில் தூணே கிடையாது. மேசைக்கு வெளியே நீட்டிய பலகையின் பின்முனையைக் கையால் அழுத்திப் பிடிப்பதுபோலத்தான் இதுவும். கூரைக்குள் மறைந்து ஓடும் எஃகு உத்தரங்கள் உள்பக்கமும் நீளமாகப் போகின்றன. நுனியின் பாரம் கீழே இழுக்க, உள்பக்கத்து எடை அதை ஈடுகட்டுகிறது. மரத்தை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் நீட்டியிருந்தால் நாளடைவில் நுனி வளைந்திருக்கும்.

செங்கல் வேலையையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நீளமான, தட்டையான செங்கற்கள். செங்குத்து இடுக்குகளில் செங்கல் நிறத்துச் சாந்து, கிடைமட்ட இடுக்குகளில் வெளிர் நிறச் சாந்து. அதனால் கண்ணுக்குக் கிடைக்கோடுகள் மட்டும்தான் தெரிகின்றன. வீடு இருப்பதைவிட நீளமாகத் தோன்றுகிறது.

இறவாரத்துக்கு ஒரு குறையும் உண்டு. மார்ச் 21-இலும் செப்டம்பர் 22-இலும் சூரியன் ஒரே உயரத்தில்தான் இருக்கும். மார்ச்சில் குளிர் விட்டிருக்காது, செப்டம்பரில் சூடு தணிந்திருக்காது. அசையாத கூரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இலையுதிர் மரங்கள் அதைச் சரிசெய்யும்: செப்டம்பரில் இன்னும் இலை அடர்ந்திருக்கும், மார்ச்சில் கிளைகள் வெறுமையாக இருக்கும்.