சாம்பலுக்கடியில் விடிய விடிய

பண்ருட்டி பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2011-இல் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் விறகடுப்புதான். ராத்திரி ஆயா கங்குகளை ஒன்றாகத் தள்ளிச் சாம்பலைப் போட்டு மூடிவிடும். காலையில் கிளறினால் கணகணவென்று இருக்கும். சாம்பல் போட்டால் நெருப்பு அணையத்தானே வேண்டும்?"

விறகு சூடாகும்போது கிளம்பும் வாயுக்கள் எரிவதுதான் சுவாலை. அது அடங்கியதும் மிஞ்சும் கரி, மேற்பரப்பில் மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து கனல்கிறது. ராத்திரியைத் தாண்டுவது இந்தக் கரிதான். சவுக்குக் கட்டை என்றால் இன்னும் நல்லது, கங்கு நின்று எரியும்.

அதில் ஒரு கங்கை மட்டும் இடுக்கியால் எடுத்துத் தரையில் வையுங்கள். சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றுக்குக் குறைவில்லை, சூடுதான் தங்கவில்லை. சிவந்த கங்கு வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கும். எரிந்து கிடைக்கும் சூட்டைவிட இழப்பு மிஞ்சினால் கதை முடிந்தது. பக்கத்தில் நாலு கங்கு இருந்தால் ஒன்று வீசுவதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். ஆயா குவித்தது அதற்குத்தான்.

சாம்பல் பொடிக்குள் நிறைய இடைவெளி. அதனால் சூடு எளிதில் வெளியேறாது. ஆக்சிஜனும் கசிந்து கசிந்துதான் உள்ளே போகும். வரவு குறைவு, செலவும் குறைவு. ஈர மண்ணைப் போட்டிருந்தால் சூட்டை உறிஞ்சி, துளைகளையும் அடைத்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் உண்டு; பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பவையும் இவைதான். கரியின் மேல் பொட்டாசியம் ஒரு வினையூக்கி. அது இருந்தால் கரி இன்னும் தணிந்த சூட்டிலேயே ஆக்சிஜனோடு சேரும். அணைக்கப் போட்டது போலத் தெரியும் சாம்பலே கனலுக்குக் கைகொடுக்கிறது! வேண்டுமானால் ஒரு சர்க்கரைக் கட்டியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். உருகிக் கருகுமே தவிர, பற்றாது. ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தடவிக் காட்டினால் பற்றிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. ஆக்சிஜன் போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அடைமழைக் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தால், காலையில் தலைவலி, வாந்தி. சில சமயம் எழுந்திருக்கவே முடியாது. அதைக் காத்து கருப்பு என்று சொல்லி மிளகாய் சுற்றி, அதே கரியில் போடுபவர்களை என்னவென்று சொல்வது? முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். திருஷ்டியை அப்புறம் கழிக்கலாம்.