பாறை கசியும் கோட்டில் ஒரு கோரை

அமெரிக்காவின் அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் பகுதியில், பெரும்பாலும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், செங்குத்தான மணற்பாறைகள் நிற்கின்றன. சுற்றிலும் வறண்ட பாலை. பாறையில் ஒரு குடைவு, அதன் பின்சுவரில் ஓர் ஈரக்கோடு, அந்தக் கோடு நெடுக வெளிர்பச்சையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் செடி. பார்த்தால் புல் மாதிரி இருக்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், ஆகவே கோரை இனம். நவஹோ கோரை என்பார்கள்; அறிவியல் பெயர் கேரெக்ஸ் ஸ்பெகுயிகோலா.

பாலைவனச் செடி என்றாலும் கள்ளிபோல நீரைச் சேர்த்துவைக்கும் திறமை இதற்குக் கிடையாது. வேர் எந்நேரமும் நனைந்திருக்க வேண்டும். சேமிக்கும் வேலையைப் பாறைதான் செய்கிறது.

இந்தப் பாறை ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல்மேடாக இருந்தது. இறுகிக் கல்லான பிறகும் மணிகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் அவற்றின் வழியே மெல்ல இறங்கும். அடியில் நீர் எளிதில் புகாத களிப்பாறை அடுக்கு வந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து பாறை முகத்தில் கசியும். மொட்டைமாடியில் தேங்கிய நீர் கீழ்வீட்டுச் சுவரில் ஓதமாகத் தெரிவதில்லையா, அதே கதைதான். ஆனால் வேகம் வேறு. இதே வகைப் பாறையில், யூட்டாவின் ஜயான் தேசியப் பூங்காவில் சொட்டும் நீர் 1,200 ஆண்டுகளுக்கு முன் பெய்தது என்று கணித்திருக்கிறார்கள்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கசிவு தனக்கான கூரையையும் செதுக்கிக்கொள்வதுதான். மணிகளை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பை நீர் கரைக்கிறது. மணிகள் உதிர்கின்றன, குடைவு ஆழமாகிறது, நிழல் விழுகிறது. நிழல் இருப்பதால் ஈரம் சீக்கிரம் காய்வதில்லை.

கோரை விதையைவிட, மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தண்டு மூலமே அதிகம் பரவுகிறது. ஒரு கசிவிலிருந்து அடுத்த கசிவுக்குத் தாண்டுவது அரிது. 1949-ல் தாவரவியலாளர் ஜான் தாமஸ் ஹவல் இதைத் தனி இனமாக விவரித்தார். 1985-ல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தபோது ஒருசில இடங்களே தெரியும். அப்புறம் தேடத் தேட வேறு பல குடைவுகளிலும் அகப்பட்டது.

கைக்கெட்டும் உயரத்தில் இருப்பவற்றை ஆடுமாடுகள் மேய்ந்துவிடும், மிதித்தும் விடும். உயரத்தில் தொங்குபவை தப்பிக்கலாம். ஊற்றைக் குழாயில் திருப்பிவிட்டாலோ, அதே பாறையிலிருந்து கிணறு போட்டு இறைத்தாலோ அந்த உயரமும் உதவாது.