தினமும் ஆறு கிலோமீட்டருக்கு டீசல் கார் எதற்கு?

போன மாதம் எங்கள் நாமக்கல் பட்டறைக்கு ஒரு டீசல் கார் வந்தது. கரி வடிகட்டியான டிபிஎஃப்பின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்குறியைத் தாண்டி நிற்கிறது, டீசல் வாடை வேறு. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீடு, பள்ளிக்கூடம், கடை என்று தினமும் ஓடுவது ஆறு கிலோமீட்டர். “இழுவையும் மைலேஜும் டீசல்லதான்னு எல்லாரும் சொன்னாங்க அண்ணே” என்றார் வண்டியைக் கொண்டுவந்த தம்பி.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஹூண்டாய் கிரெட்டா காரில் 1.5 லிட்டர் பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல் இரண்டுமே ஏறக்குறைய 115 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை, பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 ஆர்பிஎம்முக்கு மிதித்தால்தான் முழுசாக வரும், டீசலிலோ 250, அதுவும் பாதி ஆர்பிஎம்முக்குள்ளேயே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறிப் பாருங்கள், வித்தியாசம் காலிலேயே தெரியும். ஆனால் இந்த இழுவையில் பெரும்பங்கு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவுடையது. அதே கிரெட்டாவின் 1.5 டர்போ பெட்ரோல் 253 கொடுக்கிறது.

மைலேஜ் விஷயம் வேறு. டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் 16 மடங்கு அழுத்தி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது, பெட்ரோலை அவ்வளவு அழுத்தினால் அது நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி எஞ்சின் தட்டும், அதாவது நாக்கிங் வந்துவிடும். போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் எரிசக்தியே பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகம்.

சரி, எங்கே இடிக்கிறது? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் கார்களின் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை எரிக்க அது கிட்டத்தட்ட 600 டிகிரி வரை சூடாக வேண்டும், அதற்குத் தடையில்லாத ஓட்டம் வேண்டும். எஞ்சின் சூடாகும் முன்பே தினமும் அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்தால் டர்போ பேரிங்குக்குத்தான் முதல் அடி.

கணக்கும் போட்டுவிடுங்கள். டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்து, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் பிடித்தால், போட்ட காசு திரும்ப 1 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர் நாலு வருடம் சொச்சத்தில் எடுத்துவிடுவார்.

அந்தத் தம்பிக்கு ஆயில் மாற்றி, ஸ்கேனர் போட்டுக் கரியை எரித்துக் கொடுத்தேன். இனி வாரம் ஒருமுறையாவது சேலம் பைபாஸில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.