ஈசிஜி சரி, நெஞ்சு ஏன் இன்னும் அடிக்கிறது?

"ஈசிஜி நல்லா இருக்குதாம், ஒண்டுமில்லையாம். ஆனா நெஞ்சு அடிக்கிறது நிக்குதில்லை." பதகளிப்போடு வருபவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியானாலும் மூதூரானாலும் முதலில் ஆஸ்பத்திரி ஓபிடி, அடுத்து தனியார் டிஸ்பென்சரி, பிறகு நூல் கட்டுவது அல்லது தண்ணீர் ஓதிக் குடிப்பது. மனநல கிளினிக் கடைசியில்தான். அங்கே வாசலில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் போனில் சிகிச்சை என்றதும் பலருக்கு ஆறுதல். அது பலன் தரும் முறைதான். பலன் தராமல் போவதற்கும் அந்த ஆறுதலே காரணமாகிவிடுவதுண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

"ஒண்டுமில்லை" என்பது பிழையான பதில். இதயத்தில் நோயில்லை, ஆனால் உடம்பின் அபாய மணி தேவையில்லாமல் அடிக்கிறது. அட்ரினலின் கூடி மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும்; அதனால்தான் விரல் நுனி விறைப்பதும், உதட்டோரம் கூசுவதும், தலை சுற்றுவதும். உடனே "மாரடைப்பு" என்ற எண்ணம் வருகிறது, பயம் ஏறுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தத் திடீர்ப் பதற்றம் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், அதிலும் முதல் தடவை என்றால், பதகளிப்பென்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

"உடல், மனம், ஆன்மா மூன்றுக்கும் முழுமையான சிகிச்சை" என்று விளம்பரங்கள் நிறைய. உண்மையில் முழுமை என்பது இரத்தப் பரிசோதனையில் தொடங்கவேண்டும். தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், இரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபின், கூடவே சுகர். தைரொயிட் கூடியிருப்பவருக்கு வாரக்கணக்கில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்? இழுப்புக்கு சல்பியூட்டமோல் பம்ப் அடிப்பவருக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் மருந்தினாலாக இருக்கலாம். அடுத்து தேத்தண்ணிக் கணக்கு. ஒரு கோப்பையில் சுமார் 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். வெறும் வயிற்றில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வந்தவரோடு ஒன்று என்று ஏழெட்டு ஓடினால் இரவில் தூக்கம் எப்படி வரும்? ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடிக்கும். மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம். கோயில், பள்ளி, வேதக்கோயில் எதையும் விடச்சொல்லும் சிகிச்சை நமக்குத் தேவையில்லை.

சிகிச்சை பெறுபவருக்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஜிஏடி-7 என்ற வினாக்கொத்தில் ஏழு கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம் ஒருவரிடம் காட்டவேண்டும். அது நோய்க்குப் பெயர் வைக்கும் சோதனையல்ல, காய்ச்சலுக்கு வைக்கும் தேர்மோமீற்றர் மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். ஆறு சந்திப்புக் கழிந்தும் எண் அசையவில்லையா? முறையை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஆளை மாற்றவேண்டும்.

போனில் சிகிச்சை வழக்கமாக வாரம் ஒன்று, 50 நிமிடம், பன்னிரண்டு சந்திப்பு அளவில் போகும். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது எங்கே இருந்து கதைப்பது? இயர்போன் போட்டால் சிகிச்சையாளர் சொல்வது வெளியே கேட்காது, நீங்கள் சொல்வது கேட்கும். அறைக் கதவுக்கு வெளியே ரேடியோவைப் போடுங்கள், அல்லது வளவு மூலையில் கதிரையைப் போடுங்கள். வீடியோ இழுபட்டால் குரல் மட்டும் போதும். லைன் அறுந்தால் யார் யாருக்கு எடுப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். உங்கள் விலாசமும் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் இலக்கமும் அவரிடம் இருக்கவேண்டும். ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தம்பலகாமம் எங்கே என்று தெரியாது. என்ன படித்தார், பதகளிப்புக்கு எந்த முறையில் சிகிச்சை செய்கிறார் என்று கேட்பது மரியாதைக்குறைவல்ல. மொழியும் முக்கியம். "எந்த நேரமும் யோசனை" என்று நாம் சொன்னால் கவலை என்று அர்த்தம். சென்னையில் இருப்பவர் அதை ஏதோ ஐடியா என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

மூச்சுப் பயிற்சியில் நடக்கும் பிழை ஒன்றுதான். பதறுபவரைச் சுற்றி நின்று "நல்லா மூச்சை இழுங்க" என்பார்கள். இழுக்க இழுக்கக் காபனீரொட்சைட்டு இன்னும் குறைந்து தலைசுற்றல் கூடும். வேண்டியது மெதுவாக விடுவது. மூக்கால் நாலு எண்ணும்வரை எடுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம், பதற்றம் இல்லாத நேரத்தில் பழகவேண்டும். நீந்தப் பழகுவது அலை அடிக்கும்போதா?

இனி அந்த ஆறுதலின் பொறி. கிண்ணியா பஸ்ஸில் ஒருவருக்குப் பதற்றம் வந்தது என்று வையுங்கள். அதற்குப்பிறகு பஸ் இல்லை, கணவரின் மோட்டார்சைக்கிள்தான். பிறகு அதுவும் இல்லை. போனில் சிகிச்சை தொடங்குகிறது. ஐந்து வாரம் கதைத்ததில் மனம் லேசு, ஜிஏடி-7 எண்ணும் இறங்கிவிட்டது. பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. வீட்டை விட்டுப் போகாமலே சிகிச்சை கிடைத்ததால் தவிர்ப்பு இன்னும் இறுகிவிட்டது. நாலாம் வாரத்திலாவது போன் வாசலைத் தாண்டவேண்டும்.

முதலில் பஸ் நிலையத்தில் இருபது நிமிடம் நிற்பது, ஏறத் தேவையில்லை. அடுத்து நிறுத்தி வைத்த பஸ்ஸில் ஏறி இருப்பது. பிறகு இரண்டு தரிப்பிடம், காதில் சிகிச்சையாளரின் குரலோடு. அதே இரண்டு தரிப்பிடம், குரல் இல்லாமல். கடைசியில் கிண்ணியாப் பாலம், ஏனென்றால் நடுப்பாலத்தில் இறங்க முடியாது என்ற நினைப்பே பலரைப் பதற வைக்கும். பாலத்தின் நீளம் 396 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் சுமார் 36 செக்கன். ஒவ்வொரு படிக்கும் முன்னே கொப்பியில் எழுதுங்கள்: "மயங்கி விழுவேன், 90 வீதம்." வந்தபிறகு பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். ஒரே படியை மூன்று நாலு தடவை செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

பிழை நடப்பது இரண்டு இடத்தில். பயம் உச்சியில் நிற்கும்போது இறங்கினால், "இறங்கினதாலதான் தப்பினேன்" என்று மூளை படித்துக்கொள்ளும். மற்றது கைத்துணைகள்: தண்ணீர்ப் போத்தல், தைல டப்பா, கதவோர ஆசனம், பேர்ஸில் ஒரு மாத்திரை. சிகிச்சையாளரின் குரலே அப்படி ஒரு துணையாகிவிடும் என்பதால்தான் நாலாம் படி குரல் இல்லாமல். வீட்டாரும் துணையாகிவிடுகிறார்கள். "எனக்கு ஒண்டும் ஆகாதுதானே?" என்று கேட்டால் ஒருமுறை பதில் சொல்லுங்கள்; பத்தாம் முறையும் சொன்னால் பதினோராவது கேள்வி வரும்.

திருவிழா வெடிக்கு உடம்பு தூக்கிப்போடுபவர், 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே போகாதவர், ஷெல் சத்தம் இன்னும் கனவில் வருபவர் இந்தப் படிகளைத் தனியே ஏறக்கூடாது. அது மனவடு, பேரனர்த்தம் மனதில் விட்ட காயம். அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். முதல் அழைப்பிலேயே "எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கேட்டு, வீட்டில் தனியாக இருப்பவரைக் குலைத்துவிட்டு லைனை வைப்பவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

மருந்து எழுதியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதகளிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை வேலைசெய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். முதல் சில நாள் படபடப்புக் கூடவும் செய்யலாம். அந்த நாட்களில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிப் போடும் டயசிபாம் வேறு கதை, அது பழக்கமாகும். நெடுநாள் போட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். அரச கிளினிக்கில் மருந்தும், போனில் சிகிச்சையுமாக இரண்டும் சேர்ந்து போகலாம்.

சாகவேண்டும் என்ற எண்ணம், காதில் குரல் கேட்பது, குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம், வீட்டிலேயே அடிப்பவர் இருப்பது, இவை போனோடு முடிகிற விடயங்களல்ல. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எந்நேரமும்.