கிட்னி குறைவாக வடிகட்டினால் நல்லதா?

2003-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் சிலர் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தமே எட்டுப் பேர்தான், எல்லோரும் மிகப் பருமனானவர்கள். எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொள்வதற்கு முன்பும், செய்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும், அவர்களுடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தநீரை வடிகட்டுகின்றன என்று நேரடியாக அளந்தார்கள். முன்பு சராசரியாக 145 மில்லிலிட்டர், பின்பு 110.

கிட்னியின் திறனைச் சொல்லும் இந்த எண்ணுக்கு ஜிஎஃப்ஆர் என்று பெயர். அது இறங்கினாலே கிட்னி பழுதாகிறது என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் அந்த மருத்துவர்கள் இதை நல்ல செய்தியாகவே எழுதினார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. சிறுநீரில் கசிந்துகொண்டிருந்த அல்புமின் புரதம் அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

145-க்கும் 110-க்கும் இடைப்பட்ட 35 மில்லிலிட்டரை ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 50 லிட்டர் வரும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் இரண்டரை கேன். அந்த எட்டுப் பேரின் கிட்னிகளும் நாள்தோறும் இவ்வளவு வேலையைக் கூடுதலாகச் செய்துகொண்டிருந்தன.

இரண்டு கிட்னியிலும் சேர்த்து நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் ஏறக்குறைய 20 லட்சம் இருக்கின்றன. நாம் பிறப்பதற்கு முன்பே அந்த எண்ணிக்கை முடிவாகிவிடும். பிறகு உடம்பு 60 கிலோ ஆனாலும் 130 கிலோ ஆனாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. உடம்பு பெருத்தால் இருக்கிற நெஃப்ரான்களே கூடுதல் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

பாரம் ஏறுவது உடம்பின் அளவால் மட்டுமல்ல. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் கிளாமருலஸ் என்ற தந்துகி முடிச்சு இருக்கிறது, வடிகட்டுவது அதுதான். வடிந்த நீர் குழாய் வழியே போகிற வழியில் உப்பின் பெரும்பகுதி திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சப்படும். பருமனில் இன்சுலின், ரத்த நாளங்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோன், படபடப்பு நரம்புகள் மூன்றும் ஓங்கியிருப்பதால் இந்த உறிஞ்சல் அதிகமாகிறது. குழாயின் கொஞ்ச தூரத்தில் வந்துசேரும் உப்பைப் பார்த்து நிலவரம் சொல்லும் காவல் செல்கள் சில உண்டு. உப்பு குறைவாக வருவதைக் கண்டதும் அவை, ‘வடிகட்டல் போதவில்லை போலிருக்கிறது’ என்று தப்புக் கணக்குப் போட்டு, கிளாமருலஸுக்குள் ரத்தம் வரும் நாளத்தை அகலத் திறந்துவிடுகின்றன. வெளியேறும் நாளத்தை ஆஞ்சியோடென்சின் இறுக்குகிறது. வாசல் அகலம், புறவாசல் குறுகல். உள்ளே அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

டீக்கடையில் துணி வடிகட்டியைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் அதை முறுக்கிப் பிழியப் பிழிய, நாளடைவில் துணியின் இழை விலகி, தூள் டம்ளருக்குள் இறங்க ஆரம்பிக்கும். கிளாமருலஸிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. தந்துகிகளைச் சுற்றி விரல்களைக் கோத்ததுபோல் பிடித்துக்கொண்டிருப்பவை போடோசைட் என்ற செல்கள். அழுத்தத்தில் கிளாமருலஸ் வீங்கும்போது அவையும் இழுபடும். பெருகி இடைவெளியை அடைக்கலாம் என்றால் இவற்றால் பிரியவும் முடியாது. விரல்கள் நழுவிய இடத்தில் அல்புமின் கசிகிறது, பிறகு தழும்பு விழுகிறது. மிகப் பருமனானவர்களின் சிறுநீரில் ஏராளமாகப் புரதம் வெளியேறுவதை மருத்துவர்கள் 1974-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லாமலே இது நடக்கலாம், கூட இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, அறுவை சிகிச்சை இதில் எங்கே வருகிறது? இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி நேராகக் கீழே இணைப்பார்கள். எந்த முறையானாலும், எடை பெருமளவு இறங்குவதற்கு முன்பே, சில வாரங்களுக்குள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் கூடுவது அதற்கு ஒரு காரணம். இன்சுலின் தணிய, உப்பு உறிஞ்சல் தணிய, காவல் செல்களின் தப்புக் கணக்கும் சரியாகிறது.

பிரேசிலில் 100 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் டைப் 2 சர்க்கரை நோய், சிறுநீரில் அல்புமின் கசிவு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ எண் 30 முதல் 35 வரை. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு பைபாஸ், மீதிப் பேருக்கு மிகச் சிறந்த மருந்துகள். 2020-இல் வந்த முடிவின்படி, இரண்டாண்டு கழித்து பைபாஸ் செய்துகொண்டவர்களில் 82 சதவீதம் பேருக்குக் கசிவு நின்றிருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம். முதல் எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கத்தியே இல்லாமல் பாதிக்கு மேல் சரியானதும் எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

நீண்ட காலக் கணக்கு ஸ்வீடனிலிருந்து வருகிறது. 1987-இல் தொடங்கிய ஆய்வில் 2,010 பேர் அறுவை செய்துகொண்டவர்கள், 2,037 பேர் செய்துகொள்ளாதவர்கள். ஏறக்குறைய 18 ஆண்டுகளில் கிட்னி முற்றிலும் செயலிழந்தவர்கள் முதல் பிரிவில் 13 பேர், இரண்டாவதில் 26 பேர். இங்கே குலுக்கல் கிடையாது, எண்களும் சிறியவை. அறுவைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன். ஆனாலும் திசை தெளிவாகவே இருக்கிறது.

இனி, லேப் ரிப்போர்ட்டில் ஒரு பொறி. அந்த எட்டுப் பேருக்குச் செய்ததுபோல் யாரும் நமக்கு நேரடியாக அளப்பதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் எவ்வளவு என்று பார்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு ஜிஎஃப்ஆரை மதிப்பிடுகிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அறுவைக்குப் பிறகு கொழுப்போடு தசையும் கரையும், கிரியாட்டினின் குறையும், சூத்திரம் ‘கிட்னி தேறிவிட்டது’ என்று சொல்லும். உண்மை ஜிஎஃப்ஆர் இறங்கிய ஒருவருக்கே ரிப்போர்ட்டில் ஏறியிருக்கலாம்! போதாக்குறைக்கு, அந்த எண்ணை 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு என்று திருத்தி எழுதுகிறார்கள். அது 1920-களின் அமெரிக்க இளைஞர்களின் சராசரி. 130 கிலோ மனிதருக்கு அந்தச் சட்டை பொருந்தாது. இந்த இடத்தில் சிறுநீர் அல்புமின்தான் நம்பகமான சாட்சி.

இதே அறுவை கிட்னியைக் கெடுக்கவும் செய்யும். 1950-களில் தொடங்கி 70-கள் வரை சிறுகுடலின் பெரும்பகுதியையே தாண்டிவிடும் ஒரு பைபாஸ் நடைமுறையில் இருந்தது. எடை குறைந்தது, கூடவே கிட்னிக் கல்லும் வந்தது, சிலருக்குக் கிட்னியே போனது. அந்த முறையைக் கைவிட்டார்கள். இன்றைய பைபாஸிலும் அந்தச் சிக்கலின் சாயல் மிச்சமிருக்கிறது.

போர் தண்ணீரில் துவைக்கும்போது சோப்பு நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து படியுமே, அது சோப்பின் கொழுப்பு அமிலம் தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால். பைபாஸுக்குப் பிறகு செரிக்காத கொழுப்பு குடலில் தங்கி, அதே வேலையைச் செய்கிறது. சாதாரணமாகக் கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுவது இந்தக் கால்சியம்தான். அது சோப்பாகிப் போனதும் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குள் ஏறி, கிட்னியில் வந்து கல்லாக, சில சமயம் சதைக்குள்ளேயே படிகங்களாகப் படிகிறது. ஸ்லீவில் இந்தத் தொல்லை குறைவு. கிட்னி மாற்று சிகிச்சைக்கு முன் எடை குறைக்க வேண்டியவர்களுக்குப் பல மருத்துவர்கள் ஸ்லீவையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் பைபாஸ் செய்துகொண்டவர்கள், உடம்புக்கு நல்லது என்று தினமும் காலையில் பாலக் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது ஆபத்தான பழக்கம். பீட்ரூட்டும் பாதாமும் அளவோடுதான். முதல் சில வாரங்களில் வாந்தியால் நீர் வற்றினால், பழைய பிரஷர் மாத்திரையும் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரையும் அதே அளவில் தொடர்வது கிட்னியைத் திடீரென்று முடக்கிவிடும். எதை எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அறவே கூடாது, அது கிட்னிக்கும் ஆகாது, புது இணைப்பில் புண்ணும் வைக்கும். அப்புறம், எழுதித் தரும் கால்சியம் மாத்திரையை ராத்திரி படுக்கப் போகும்போது போட்டால் ஆக்சலேட் விஷயத்தில் பெரிதாகப் பயனில்லை. சாப்பாட்டோடு போட வேண்டும், கீரை வயிற்றுக்குள் இருக்கும் அந்த நேரத்திலேயே.